கேரட்டுக்கு அள்ளியும் தேயிலைக்குக் கிள்ளியும்: நீலகிரிச் சிறு விவசாயிகளின் உரக் கணக்கு

திங்கட்கிழமை, மேட்டுப்பாளையம்

மலையில் ஓர் ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்திருக்கும் விவசாயி எந்த உரத்தை, எப்போது, யாரிடம் வாங்குகிறார், எதை வாங்காமல் விட்டுவிடுகிறார் என்பதை நிலத்திலேயே நின்று கேட்டறிவதற்காக இந்த வாரம் நீலகிரியில் சுற்றப் போகிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் பதிவிடுவதாக எண்ணம். மலை ஏறுவதற்கு முன்பு அடிவாரத்தில் ஒரு பகல் தங்கியதற்குக் காரணம் உண்டு. நீலகிரியில் விளையும் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பூண்டு ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு விலை பேசப்படுவது மேட்டுப்பாளையத்து மண்டிகளில்தான். மேலே போகும் உர மூட்டைகளும் கோழி எருவும் பெரும்பாலும் இந்த ஊரைக் கடந்தே போகின்றன. காய் இறக்கிய லாரி காலியாகத் திரும்பினால் நட்டம் என்பதால், கிடைத்த வாடகைக்கு எருவையோ உரத்தையோ ஏற்றிக்கொண்டு திரும்புகிறது.

ஒரு மண்டியின் திண்ணையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சரக்கு விற்ற விவசாயி ஒருவர் தமக்குக் கொடுக்கப்பட்ட சீட்டை என்னிடம் காட்டினார். மெல்லிய மஞ்சள் தாளில் மூட்டைக் கணக்கும் விலையும் மேலே இருந்தன. அவற்றின் கீழே கமிஷன், ஏற்று இறக்குக் கூலி, லாரி வாடகை, சாக்கு என்று வரிசையாகக் கழித்துக்கொண்டு வந்து, கடைசி வரியில் ‘முன்பணம் பிடித்தம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் மண்டிக்கே வந்தேன். விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் மண்டிக்காரர் முன்கூட்டியே பணம் கொடுக்கிறார். வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. ஆனால் பணம் வாங்கியவர் அறுவடையை அதே மண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. விளைபொருளை ஏலத்தில் விற்றுக் கொடுப்பதும் உரம் விற்பதும் அதன் பணிகள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க் கடன் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டி இல்லை. வட்டியில்லாக் கடன் இருக்கும்போது விவசாயி ஏன் மண்டிக்கு வருகிறார் என்று சீட்டுக் காட்டியவரிடம் கேட்டேன். “சங்கத்துக்குச் சிட்டா, அடங்கல் கொடுக்கணுங்க. பட்டா தாத்தா பேருல இருக்கு. மண்டியில என் மூஞ்சியப் பார்த்துக் கொடுக்கிறாங்க” என்றார். உரம் வாங்குவதை விவசாயியின் படிப்பறிவோடும் விழிப்புணர்வோடும் முடிச்சுப் போட்டுப் பேசும் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். இந்தப் பதிலில் இருக்கும் தெளிவு அவற்றில் அரிது.

செவ்வாய்க்கிழமை, கோத்தகிரி

காலையில் மலைச்சாலை ஏறி வந்து, கோத்தகிரிக்கு அருகில் படுகர் மக்களின் ஊரான ஒரு ஹட்டியில் இறங்கினேன். செப்டம்பர் மாதம், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவர, வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவில்லை. தேயிலைக்கு இரண்டாம் சுற்று உரம் போட இதுதான் ஏற்ற காலம். மண்ணில் ஈரம் இருக்கிறது, அடித்துச் செல்லும் மழை இல்லை. ஆனால் நான் நடந்த சரிவுகளில் உரம் போடும் ஒருவரைக்கூடக் காணவில்லை. கொழுந்து பறிப்பவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

என்னை வரவேற்ற பெரியவருக்கு ஓர் ஏக்கருக்கும் குறைவான தேயிலை. அவருடைய தகப்பனார் காலத்தில் அது ராகியும் சாமையும் விளைந்த நிலம். பிறகு உருளைக்கிழங்கு நிலம். 1980களில் தேயிலைக்கு நல்ல விலை இருந்தபோது அவர் கையாலேயே செடி நட்டிருக்கிறார். சோவியத் ஒன்றியம் கலைந்து, நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை குலைந்து, 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை விழுந்த கதையை அவர் நேற்று நடந்தது போலச் சொன்னார். பிள்ளைகளின் படிப்பு, கட்டிக்கொண்டிருந்த வீடு, வளர்த்த மாடுகள் என ஒவ்வொன்றாக நின்றுபோன வரிசையில் உரமும் ஒன்று.

தேயிலைக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு தவணைகளாகத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சேர்த்துக் கொடுக்க வேண்டும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) ராக் பாஸ்பேட்டாக ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ கொடுத்தால் போதும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியை வெட்டிக் கவாத்து செய்யும்போது, மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் தூவ வேண்டும். பெரியவருக்கு இவை எல்லாம் மனப்பாடம். கூட்டங்களுக்குப் போயிருக்கிறார், துண்டறிக்கைகளைக் கோப்பில் வைத்திருக்கிறார். ஆனால் அவர் போடுவது ஆண்டுக்கு ஒரு முறை யூரியா மட்டும். நான் காரணம் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: “தேயிலை சாகாது தம்பி. உரம் போடலைன்னாலும் கொழுந்து கொஞ்சமாவது வரும். கேரட் அப்படி இல்ல.”

இந்தப் பயணத்தில் நான் சொல்ல விரும்புவதன் சாரம் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. தேயிலை பல்லாண்டுப் பயிர். அதைப் பட்டினி போட்டால் உடனே தண்டனை இல்லை. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மெல்லத் தேய்கிறது, இலை தடித்துச் சிறுக்கிறது, வேர் இளைக்கிறது. கொழுந்துக்கான விலையை விவசாயி தீர்மானிப்பதில்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் ஒரு விலையை அறிவிக்கிறது. தொழிற்சாலை தன் கணக்கில் பணம் கொடுக்கிறது. அதுவும் இலை கொடுத்த பிறகு காத்திருந்து வாங்க வேண்டியது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பசுங்கொழுந்து வேண்டும் என்பதால், ஏல மையத்தில் தூளின் விலை சற்று இறங்கினாலும் கொழுந்துக்குக் கிடைப்பதில் அது பெரிதாகத் தெரிகிறது. வரப்போகும் விலை தெரியாதபோது, போடாவிட்டாலும் பயிர் சாகாது என்பது தெரிந்தபோது, வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படுவது தேயிலைக்கான உரம்தான்.

யூரியா மட்டும் ஏன் தப்பிப் பிழைக்கிறது என்பதற்கு அவர் வீட்டுத் திண்ணையிலேயே கணக்குப் போட்டோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரம் 50 கிலோ 1,350 ரூபாய். அதில் உள்ள 9 கிலோ தழைச்சத்தை யூரியா விலைக்கே கழித்துவிட்டால், மீதமுள்ள 23 கிலோ மணிச்சத்து கிலோவுக்கு ஏறத்தாழ 54 ரூபாய் ஆகிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது யூரியாவை அதில் சேர்க்காமல் விலையைக் கட்டுக்குள் வைத்தார்கள். மற்ற உரங்களின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கத் தொடங்கியது. 2022இல் சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாயைத் தொட்ட பிறகு இந்த ஹட்டியில் பலர் பொட்டாஷைக் கையால் தொடவில்லை. தேயிலைக்குச் சாம்பல் சத்து தழைச்சத்துக்கு நிகரான தேவை. யூரியாவை மட்டும் போட்டுக்கொண்டே போனால் ஏற்கெனவே புளித்திருக்கும், அதாவது அமிலத்தன்மை மிகுந்த, மலை மண் இன்னும் புளிக்கும்.

மாலையில் பெரியவரின் வீட்டு அம்மாவோடு உரக்கடைக்குப் போயிருந்தேன். 2018 முதல் மானிய உரம் வாங்கப் போனால் கடையில் ஆதார் எண்ணும் கைரேகையும் கேட்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய அந்த அம்மாவின் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்து, கறை படிந்து, கருவியின் கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. விரலைப் புடவையில் துடைத்தார், எச்சில் தொட்டு வைத்தார், அடுத்த கையை வைத்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனை வரவழைத்து அவன் பெயரில் வாங்கிக்கொண்டு வந்தோம். போலி விற்பனையைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேயிலையில் உழைத்துத் தேய்ந்த விரலுக்கு வேறு ஒரு வழி அந்தக் கடையிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை, குன்னூர்

பகல் முழுதும் தூறல். தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இங்கே இருப்பதால், மண் பரிசோதனையைப் பற்றிப் பேசுவதில் பொழுது கழிந்தது. மண்வள அட்டைத் திட்டம் 2015இல் தொடங்கியபோது, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்ற கட்டங்களில் மண் மாதிரி எடுக்க வகுத்திருந்தார்கள். சமவெளியில் பத்து ஹெக்டேர் ஒரே மண்ணாக இருக்கக்கூடும். இங்கே பத்து ஹெக்டேருக்குள் ஒரு முகடு, இரண்டு சரிவு, ஓர் ஓடை, ஓடைக்கரைச் சேற்று நிலம் எல்லாம் அடங்கிவிடும். முகட்டில் மேல்மண் அரித்துப் போய்ச் செம்மண் தெரியும். ஓடைக்கரையில் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அட்டை, ஒரே பரிந்துரை என்றால் விவசாயி அதை நம்பாமல் போவதற்கு அவரைக் குறை சொல்ல இயலாது. தம் சொந்தத் துண்டு நிலத்தின் மண்ணைத் தாமே எடுத்துக்கொண்டு வந்து சோதித்தவர்கள் அந்த முடிவின்படி நடக்கிறார்கள் என்பதை இங்கே கேட்டுக்கொண்டேன். அது எனக்கு நம்பிக்கை அளித்தது.

வியாழக்கிழமை, கேத்தி பாலாடா

கேரட் அறுவடை நள்ளிரவில் தொடங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் இரண்டு மணிக்கே போய்விட்டேன். பள்ளத்தாக்கு முழுதும் தலையில் கட்டிய விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒருவர் முள்கரண்டியால் மண்ணைக் கிளறிவிட, மற்றவர்கள் தழையைப் பிடித்து இழுத்து, ஒரு முறுக்கில் தழையை ஒடித்து, கிழங்கைக் குவியலில் போடுகிறார்கள். விடிவதற்குள் மூட்டை கட்டி, கழுவும் இயந்திரத்தில் உருட்டி, மண் போன பிறகு லாரியில் ஏற்றிவிட வேண்டும். காலைச் சந்தைக்குப் பிந்தினால் விலை போய்விடும்.

நேற்று முன்தினம் பார்த்த தேயிலைச் சரிவுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் நடுவில் அதிக தூரமில்லை. ஆனால் உரத்தைப் பொறுத்தவரை இரண்டும் இரு வேறு உலகங்கள். இங்கே உரம் போடச் சொல்லி யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அடியுரமாகப் பல சத்துகள் கலந்த காம்ப்ளெக்ஸ், அதன் மேல் கோழி எரு, களை எடுத்த பிறகு மேலுரம், அதற்குப் பிறகும் இலைவழித் தெளிப்பு என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் போகிறது. பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாகப் போடுவதை நான் பேசிய ஒருவரும் மறைக்கவில்லை. நூறு நூற்றிருபது நாளில் பணமாகும் பயிர். அதற்கு மண்டியின் முன்பணம் உண்டு. விதையே விலை உயர்ந்த வீரிய விதை. இவ்வளவு செலவு செய்த பிறகு உரத்தில் கை சுருக்கி விளைச்சல் குறைந்தால் கடன் நிற்கும் என்ற அச்சம்தான் கூடுதலாக அள்ளிப் போட வைக்கிறது. கூடுதல் உரத்தை அவர்கள் காப்பீடாகக் கருதுகிறார்கள். மழை அதிகம் பெய்தால் பாதி ஓடைக்குப் போய்விடும் என்பதை அறிந்தே, போகும் பாதிக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். 2009 நவம்பரில் இந்தப் பகுதியில் பெய்த பேய்மழையையும் மண் சரிவையும் நேரில் பார்த்தவர்களிடம், மழையை நம்பித் தவணை பிரித்துப் போடுங்கள் என்று சொல்வது எளிதல்ல. 

ஆயினும் அளவு மீறுவதற்குப் பயிர் தண்டனை தருகிறது. குவியலிலிருந்து தனியே ஒதுக்கப்பட்ட கேரட்டுகளை எடுத்துப் பார்த்தேன். சில இரண்டு கால் வைத்தது போலக் கிளைத்திருந்தன. சில நீளவாட்டில் வெடித்திருந்தன. சில மயிர் வேர் அடர்ந்து சொரசொரவென்று இருந்தன. நன்கு மட்காத எருவும் மிதமிஞ்சிய தழைச்சத்தும் இப்படிச் செய்யும். கிளைத்த கேரட்டை மண்டியில் பாதி விலைக்கும் கேட்க மாட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அதை மாட்டுக்குப் போடுவதாகச் சொன்னார். அருகில் இருந்தவரோ, மாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அந்தக் கேள்வி பொருளுள்ளது. மேய்ச்சல் நிலம் தேயிலைக்குள் போனதிலிருந்து வீட்டு மாடுகள் குறைந்துவிட்டன. தொழு உரம் தம் கொட்டகையில் கிடைக்காதபோது எருவும் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்காகிவிட்டது. சமவெளிக் கோழிப் பண்ணைகளின் எரு லாரியில் வருகிறது. காளான் பண்ணைகளில் கழிக்கப்படும் மட்கு உரமும் விலைக்கு வருகிறது. மாடு வைத்திருப்பவர் பை உரத்தைக் குறைக்கிறார், மாடு இல்லாதவர் கூட்டுகிறார் என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் கண்ணால் பார்க்கலாம்.

இன்று பகலில் ஒரு குத்தகை விவசாயியோடு அவருடைய படிக்கட்டு வயல்களில் ஏறி இறங்கினேன். நிலத்தின் உரிமையாளர் குடும்பம் வேலைக்காக நகரத்தில் இருக்கிறது. குத்தகை வாய்மொழியாக ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுகிறது. முந்தைய போகத்தில் அவருடைய முட்டைக்கோஸ் வேர் வீங்கிக் காய்ந்துபோயிருக்கிறது. புளித்த மண்ணில் பரவும் அந்த நோய்க்குச் சுண்ணாம்பு இட்டு மண்ணைத் திருத்துவதுதான் மருந்து என்று அவருக்குத் தெரியும். மண் திருந்தினால் போடும் உரமும் பயிருக்குச் சேரும் என்பதும் தெரியும். “சுண்ணாம்பு போட்டா மூணு வருஷத்துக்குப் பலன் இருக்கும்னு சொல்றாங்க. அடுத்த வருஷம் இந்தப் பூமி எங்கிட்ட இருக்குமா?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரே போகத்தில் பலன் தரும் யூரியாவுக்கும் காம்ப்ளெக்ஸுக்கும் அவர் கடன் வாங்குகிறார். பல போகங்களுக்குப் பலன் தரும் சுண்ணாம்பை வாங்குவதில்லை. நிலத்தில் அவருக்கு இருக்கும் காலம் எவ்வளவோ அவ்வளவு காலத்துக்கான இடுபொருளைத்தான் அவர் வாங்குகிறார். எழுத்துப்பூர்வமான ஐந்தாண்டுக் குத்தகை ஒன்று, நூறு பயிற்சி வகுப்புகள் செய்ய முடியாததை இந்தப் பள்ளத்தாக்கில் செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை, முத்தோரை

உதகைக்கு அருகிலுள்ள முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இயங்குகிறது. 1820களில், கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் இந்த மலைக்கு வந்த உருளைக்கிழங்கு, நூற்றாண்டுக்கும் மேலாக இங்குள்ள குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1961இல் கண்டறியப்பட்ட தங்க நூற்புழு அதன் வேரைப் பிடித்தது. புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் வந்தும் பரப்பளவு முன்பு போல் இல்லை.

உரத்தைப் பற்றி இங்கே கவனிக்க வேண்டியது மணிச்சத்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலை உருளைக்குப் பரிந்துரைப்பது ஹெக்டேருக்குத் தழை 120, மணி 240, சாம்பல் 120 கிலோ. மணிச்சத்து மற்றவற்றைப் போல் இரு மடங்கு. நீலகிரி மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுதி. அவை போட்ட மணிச்சத்தில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கந்துவட்டிக்காரனிடம் சிக்கிய கூலியைப் போல, விவசாயி கொடுக்கும் மணிச்சத்தில் பயிருக்குக் கடைசியில் மிஞ்சுவது சொற்பம். செவ்வாய்க்கிழமைக் கணக்கில் கிலோ 54 ரூபாய் ஆன சத்தும் இதுதான். மலை விவசாயி இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் சத்தையே அவருடைய மண் மிக அதிகமாகப் பூட்டி வைக்கிறது.

இந்தப் பரிந்துரையை மூட்டைக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் இன்னொரு செலவு தெரியவரும். ஓர் ஏக்கருக்குச் சுமார் 97 கிலோ மணிச்சத்து. அதைச் சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுத்தால் 600 கிலோவுக்கு மேல், அதாவது பன்னிரண்டு மூட்டை. டிஏபியாகக் கொடுத்தால் நான்கு மூட்டையும் சற்று மிச்சமும். சமவெளியில் வண்டி வயல் வரப்பு வரை வரும் என்பதால் இந்த வேறுபாட்டைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள். இங்கே சாலை முகட்டில் இருக்கிறது, வயல் பள்ளத்தில் இருக்கிறது. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் சுமந்து, ஈரப் படிகளில் இறங்கி வயலில் வைப்பதற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு வயலுக்கு இறங்கிப் பார்த்தேன். வெறுங்கையோடு இறங்கிய எனக்கே இரண்டு இடங்களில் கால் வழுக்கியது. முன்னால் மூட்டையோடு இறங்கியவர், சாக்கின் முனையை நெற்றிப் பட்டையில் கோத்து, ஒவ்வொரு படியிலும் குதிகாலை முதலில் பதித்து இறங்கினார். மூட்டை விலை மலிவு என்று கடைக்காரர் சொல்வதும், வயலில் வந்து சேரும்போது அது மலிவாக இல்லை என்று விவசாயி சொல்வதும் இரண்டுமே உண்மை. தொழு உரத்துக்கும் சுண்ணாம்புக்கும் இந்தச் சுமை இன்னும் கடுமை. ஹெக்டேருக்குப் பதினைந்து டன் தொழு உரம் என்று புத்தகத்தில் எழுதிவிடலாம், அதை யாரோ ஒருவர் முதுகில் இறக்க வேண்டும். இயற்கை உரத்தின் மேல் பற்றுக் கொண்ட நண்பர்கள் இந்தப் படிகளில் ஒரு முறையாவது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். இயற்கை வேளாண்மை மலைக்கு வேண்டும் என்பதே என் விருப்பமும். அதற்கு முதலில் வேண்டியது வயல் வரை ஒரு பாதை.

சனிக்கிழமை, கூடலூர்

உதகையிலிருந்து மேற்கே இறங்கினால் மண்ணும் மழையும் மொழியும் மாறுகின்றன. தேயிலையோடு காப்பி, மிளகு, இஞ்சி, பாக்கு. இங்கே நான் போன குடியிருப்பில் பை உரமே அரிதாக இருந்தது. செடிகளின் இலை வெளிர்ந்திருப்பதை வழியிலிருந்தே பார்க்க முடிந்தது.

இதற்கு நிலச் சட்டம் ஒரு பெரிய காரணம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உரிமையில் இருந்த ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் உரிமை இன்று வரை தீராமல் இழுபடுகிறது. அந்த நிலங்களில் கேரளத்திலிருந்து வந்தவர்களும், 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களும் இரண்டு தலைமுறைகளாகக் குடியிருந்து பயிரிடுகிறார்கள். பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் இல்லை. பயிர் அழிந்தால் நிவாரணம் கேட்பதற்கும் தாள் இல்லை. யானை வந்து வாழையை முறித்துவிட்டுப் போகும் இடத்தில், திருப்பிக் கிடைக்குமா என்று தெரியாத பணத்தை மண்ணில் யார் கொட்டுவார்?

தலைமன்னார் வழியாகக் கப்பலேறி வந்த குடும்பத்தின் மகன் ஒருவர், நுவரெலியாவில் இருக்கும் உறவினரோடு பேசியதைச் சொன்னார். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. நவம்பரில் அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் அங்கிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டபோது, “எங்களுக்கு அந்தத் தடை பொறந்ததுல இருந்தே இருக்குதுண்ணே” என்று தாம் பதில் சொன்னதாகச் சொன்னார். அரசாணை எதுவும் இல்லாமலே, ஒரு தாள் இல்லாத காரணத்தால் அவருடைய செடிகள் உரமின்றி நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை, மஞ்சூர்

உதகைக்குத் திரும்பி, அங்கிருந்து பேருந்தில் குந்தா பக்கம் வந்தேன். இந்த மலையின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பதினாறு இன்கோசர்வ் என்ற இணையத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றுக்கு இலை கொடுக்கும் உறுப்பினர் ஒருவரைப் பார்க்கவே இங்கே வந்தேன். கணவரை இழந்த அந்த அம்மா, முக்கால் ஏக்கர் தேயிலையையும் ஓடைக்கரையில் சில சென்ட் கேரட்டையும் தனியே நடத்துகிறார். வாரம் முழுதும் வெவ்வேறு ஊர்களில் பிரிந்து பிரிந்து பார்த்தவை எல்லாம் அவருடைய ஒரே வீட்டுக் கணக்கில் சேர்ந்திருந்தன.

பள்ளிக் குழந்தைகளின் நாற்பது பக்க நோட்டில் அவர் கணக்கு எழுதுகிறார். இடப் பக்கம் கேரட், வலப் பக்கம் தேயிலை. இடப் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ், கோழி எரு, மருந்து என்று வரிகள் நெருங்கியிருந்தன. வலப் பக்கத்தில் கடந்த ஓர் ஆண்டுக்கு யூரியா என்று ஒரே வரி. கேரட்டுக்குப் போட்டது மிகுதி என்றும் தேயிலைக்குப் போட்டது போதாது என்றும் அவரே சொன்னார். கேரட்டுக்கு மண்டி பணம் தருகிறது. தேயிலைக்கு யார் தருவார்கள்? நிலம் மாமனார் பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவில், மைத்துனர்களோடு சேர்ந்து இருக்கிறது. சங்கத்தில் உறுப்பினராக மாமனாரின் பெயரே நிற்கிறது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உரப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் மைத்துனருக்குத்தான் வருகிறது. வயலில் உரம் தூவுவது இவர்.

கடந்த ஆண்டு இவர் புதிதாக ஒன்று செய்திருக்கிறார். மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து, கவாத்து செய்த ஒரு பாத்திக்கு மட்டும் டோலமைட் போட்டு, மழை விட்ட பிறகு யூரியாவையும் பொட்டாஷையும் கலந்து இரண்டு தவணையாகக் கொடுத்திருக்கிறார். ஊரில் உரக் கூலிக்கு ஆள் கிடைக்காததால், குழுப் பெண்கள் ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் கூலியில்லாமல் மாற்றி மாற்றி மொய்யாள் போய், அரை மூட்டை அரை மூட்டையாகப் பிரித்துச் சுமந்திருக்கிறார்கள். அந்தப் பாத்தியை எனக்குக் காட்டினார். இலை கருகருவென்று எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. பக்கத்துப் பாத்தியில் அதே வயதுச் செடிகள் மஞ்சள் ஓடியிருந்தன. பறிப்பு நாளில் இரண்டு பாத்திக் கொழுந்தையும் தனித்தனியே நிறுத்து நோட்டில் எழுதிவருகிறார். அண்டை வீட்டார் மூவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் மண்ணைக் குன்னூருக்குச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்களாம்.

இந்த ஆண்டு தேயிலை முழுவதற்கும் போடுவீர்களா அம்மா என்று கேட்டேன். குழுக் கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி இருப்பதாகவும், இன்னும் ஒரு பாத்திக்கு மட்டும் போட முடியும் என்றும் சொன்னார். கூட்டுப் பட்டாவைப் பிரிக்கும் மனுவை மைத்துனர்கள் கையெழுத்துக்காக வைத்திருக்கிறார்கள்; அது கையில் வந்தால் சங்கத்தில் தம் பெயரில் கடன் கேட்கலாம். கேரட்டுக்கு வாங்கும் காம்ப்ளெக்ஸில் இந்த முறை ஒரு மூட்டையைக் குறைத்து, அந்தப் பணத்துக்குப் பொட்டாஷ் வாங்கப் போகிறார். மண்டிக்காரரிடம் அதைச் சொல்லவில்லை என்று நோட்டை மூடிக்கொண்டே சொன்னார். நாளை காலை குழுப் பெண்கள் நால்வர் டோலமைட் சுமக்க வருகிறார்கள்.